கல்லும் எண்ணும்: போட்டி ஆட்டங்களில் சலுகை முறையும் தரப்புள்ளியும் வளர்ந்த வரலாறு

முன்னுரை

திறமையில் பெரிய ஏற்றத்தாழ்வு உள்ள இருவர் ஒரு பலகையின் முன் அமர்ந்தால், முதல் காயை நகர்த்தும் முன்பே முடிவு தெரிந்துவிடும். வல்லவருக்கு வெற்றியில் சுவை இருக்காது. எளியவருக்குத் தோல்வியில் பாடம் கிடைக்காது. இந்தச் சிக்கலை ஆட்டக்காரர்கள் மூன்று விதமாகச் சமாளித்து வந்திருக்கிறார்கள். தமக்குச் சமமானவர்களோடு மட்டும் ஆடுவது ஒன்று. எளியவரை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. அப்போது அவருடைய வெற்றி தோல்வி கணக்கில் வராது. மூன்றாவது வழியில், எளியவருக்கு முன்கூட்டியே ஏதாவது கொடுக்கப்படும், அல்லது வல்லவரிடமிருந்து ஏதாவது எடுக்கப்படும். அதன் பிறகு வரும் முடிவை இருவரும் உண்மையான முடிவாக ஏற்றுக்கொள்வார்கள். ஹேண்டிகேப் என்று விளையாட்டு உலகம் அழைக்கும் இந்த மூன்றாவது வழியை இக்கட்டுரை சலுகை என்று குறிப்பிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ரேட்டிங் எனப்படும் தரப்புள்ளி முறை பரவியது. அது ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறமையையும் ஓர் எண்ணாகச் சொன்னது. இருவரின் எண்ணும் தெரிந்தால் எவ்வளவு சலுகை தேவை என்பதும் தெரிந்துவிடும். ஆகவே தரப்புள்ளி வந்தபின் சலுகை ஆட்டம் பெருகியிருக்க வேண்டும். சதுரங்கத்தில் நடந்தது நேர்மாறு. தரப்புள்ளி நிலைபெற்ற காலத்தில் சலுகை ஆட்டம் போட்டி அரங்கிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. கிழக்காசியாவின் கோ ஆட்டத்திலும் கால்ஃபிலும் குதிரைப் பந்தயத்திலும் இரண்டும் கைகோத்து நடக்கின்றன.

இந்த வேறுபாட்டை ஆட்டங்களின் இயல்பு மட்டுமே விளக்கிவிடாது. ஒவ்வோர் ஆட்டமும் திறமையை எந்த அலகால் எண்ணாக்கியது என்பதில்தான் பெரும்பகுதி விடை இருக்கிறது. சலுகையையே அலகாக வைத்த ஆட்டங்களில் சலுகை நிலைத்தது. வெற்றி வாய்ப்பை அலகாக வைத்த சதுரங்கத்தில் அது வெளியே தள்ளப்பட்டது. இதை வரலாற்று வரிசையில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணுக்கு முன் இருந்த அளவுகோல்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சதுரங்கத்தின் களம் காப்பிக் கடைகளே. பாரிசின் கஃபே த லா ரெஜான்ஸ், லண்டனின் சிம்ப்சன்ஸ் டிவான் ஆகிய இடங்களில் வல்லுநர்கள் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்கள். வருகிறவர்களோடு சிறு தொகை பந்தயம் வைத்து ஆடுவார்கள். தோற்பது உறுதி என்றால் யாரும் பணம் வைக்கமாட்டார்கள். ஆகவே வல்லுநர் தம் காய்களில் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுவார். இன்று பயிற்சி வகுப்புகளில் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் லெகால் பொறி இத்தகைய ஆட்டம் ஒன்றில் பிறந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வல்லுநர் ஃபிலிடோரின் ஆசானான லெகால், ராணிப் பக்கத்து யானையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து ஆடிய ஆட்டமாகவே அது பதிவாகியிருக்கிறது.

இந்தச் சலுகைகளுக்கு ஒழுங்கான படிநிலை இருந்தது. கீழ்ப்படியில் 'சிப்பாயும் நகர்வும்': வல்லவர் கறுப்புக் காய்களை எடுத்துக்கொண்டு, தம் ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாயை நீக்கிவிடுவார். முதல் நகர்வும் எதிராளிக்கே போகும். எட்டுச் சிப்பாய்களில் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது போனால் கறுப்பு ராஜாவை நோக்கிய மூலைவிட்டம் திறந்துவிடும். எனவே அதன் இழப்பு ஒரு சாதாரணச் சிப்பாயின் இழப்பைவிடக் கனமானது. அடுத்த படி 'சிப்பாயும் இரண்டு நகர்வும்'. அதற்கு மேலே குதிரை, யானை, கடைசியில் ராணி.

ஒருவருடைய திறமையைச் சொல்ல அன்று எண் கிடையாது. இன்னாரிடமிருந்து குதிரை வாங்கி ஆடுகிறவர், இன்னாரிடம் சிப்பாயும் நகர்வும் வாங்குகிறவர் என்பதே அடையாளம். லண்டன் நகரச் சதுரங்கக் கழகம் போன்றவை தம் உறுப்பினர்களை வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பார் எந்த வகுப்பாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று வகுத்துப் போட்டிகள் நடத்தின. அந்த வகையில் சலுகைப் படிநிலையே அக்காலத்தின் தரப்புள்ளி. ஆங்கிலேய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் 1847-இல் வெளியிட்ட கையேட்டில் சலுகை ஆட்டத் தொடக்கங்களுக்கும் இடம் கொடுத்தார்; அவ்வளவு இயல்பான பகுதியாக அது இருந்தது.

பால் மார்ஃபி இந்த வழக்கத்தின் உச்சம். ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர்களை வென்று 1859-இல் அமெரிக்கா திரும்பியவர், இனிச் சிப்பாயும் நகர்வுமாவது கொடுக்காமல் தம் நாட்டில் யாரோடும் ஆடுவதில்லை என்றார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஜேம்ஸ் தாம்சன் என்ற வலுவான ஆட்டக்காரருக்குக் குதிரை கொடுத்து ஆடிய தொடரிலும் வென்றார். தம்மை உலகின் முதல்வர் என்று சொல்ல அவருக்கு இதைவிடத் துல்லியமான மொழி அன்று இல்லை.

ஆனால் இந்த அளவுகோலின் கோடுகள் மிகவும் தள்ளித்தள்ளி இருந்தன. சிப்பாய்ச் சலுகைக்கும் குதிரைச் சலுகைக்கும் நடுவே பெரிய பள்ளம். அதோடு, ஒரு காயை நீக்கினால் தொடக்க ஆட்டத்தின் அறிவு முழுவதும் மாறிவிடுகிறது. குதிரையில்லாமல் ஆடுகிறவர் காய்ப் பரிமாற்றங்களைத் தவிர்த்து எதிராளியின் தவறுக்காகக் காத்திருக்க வேண்டும். வேறொரு ஆட்டத்தை ஆடுவதற்கு ஒப்பானது அது.

கல்லால் அளந்த நிலை

ஜப்பானில் வளர்ந்த கோ ஆட்டத்தின் கதை வேறு. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள் உள்ள வெற்றுப் பலகையில் இருவரும் மாறிமாறிக் கற்களை வைத்து நிலப்பரப்பை வளைத்துக்கொள்வதே ஆட்டம். சலுகை தேவைப்பட்டால், கறுப்பு வைத்திருக்கும் எளியவர் பலகையில் புள்ளியிட்ட ஒன்பது இடங்களில் இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை முன்கூட்டியே வைத்துக்கொள்வார். ஆட்டத்தின் இயல்பு இதனால் பெரிதாகக் கெடுவதில்லை. கல் சேர்வதுதான் ஆட்டமே. சில கற்கள் முன்பே சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சதுரங்கத்தில் குதிரை கொடுப்பதற்கும் கோ ஆட்டத்தில் கல் கொடுப்பதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது.

ஜப்பானை ஆண்ட தோக்குகாவா இயேயாசு 1612-இல் முன்னணி கோ ஆட்டக்காரர்களுக்கும் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் ஆட்டக்காரர்களுக்கும் அரசு மானியம் வழங்கினார். ஹோனின்போ, இனோவே, யாசுய், ஹயாஷி என்ற நான்கு கோ குடும்பங்கள் பரம்பரை அமைப்புகளாக நிலைத்தன. ஹோனின்போ குடும்பத்தின் நான்காம் தலைவர் தோசாகு (1645–1702) காலத்தில் ஒன்பது 'தான்' நிலைகள் கொண்ட வரிசை உருப்பெற்றது. இந்த நிலைகள் வெறும் பட்டங்களாக இருக்கவில்லை. இரண்டு ஆட்டக்காரர்களின் நிலை தெரிந்தால், அவர்கள் எந்தச் சலுகையில் ஆட வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடும். நிலை சமமென்றால் கறுப்பு மாறிமாறி வரும். ஒரு நிலை வேறுபட்டால் மூன்று ஆட்டங்களில் இரண்டில் எளியவருக்குக் கறுப்பு. இரண்டு நிலை வேறுபட்டால் எப்போதுமே கறுப்பு. அதற்கு மேல்தான் கற்கள். முதலில் ஆடும் உரிமையைக்கூட இப்படிப் பங்கு போட்டு, ஒரு கல்லுக்கும் குறைவான நுண்ணிய சலுகைகளை அவர்கள் உருவாக்கினார்கள்.

நிலை என்பது சலுகையின் இன்னொரு பெயராகவே இருந்தது என்பதற்கு ஒரு சான்று. 1682-இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து வந்த ஹமாஹிகா என்பவர் தோசாகுவோடு நான்கு கல் சலுகையில் ஆடினார். முதல் ஆட்டத்தில் தோற்றார், இரண்டாவதில் வென்றார். தோசாகு அவருக்குக் கொடுத்த சான்றிதழ், ஏழாம் நிலையினருக்கு எதிராக இரண்டு கல் என்று அவருடைய திறமையைக் குறித்தது. மூன்றாம் தான் நிலைக்கு அதுவே பொருள்.

1846-இல் ஒசாகாவில் நடந்ததும் இதே வகை. நான்காம் தான் நிலையில் இருந்த பதினேழு வயது ஷூசாகு, எட்டாம் நிலை கென்னான் இன்செகியோடு ஆட அமர்ந்தார். நிலைக் கணக்குப்படி இரண்டு கல்லோடு தொடங்கினார்கள். நடுவிலேயே இன்செகிக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பையனுக்கு இரண்டு கல் கொடுத்தால் மீள முடியாது. ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வெறும் கறுப்பு மட்டும் கொடுத்துப் புதிய ஆட்டம் தொடங்கினார். கோ வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஆட்டங்களில் ஒன்று அது. ஷூசாகுவின் 127-ஆவது கல் விழுந்ததும் இன்செகியின் காதுகள் சிவந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதைவிட இக்கட்டுரைக்கு முக்கியமானது முந்தைய ஆட்டம் பாதியில் நின்றதுதான். பட்டியலில் இருந்த நிலை ஒன்று, பலகையில் தெரிந்த திறமை வேறு. அந்த இடைவெளியைக் கண்ட மூத்தவர் சலுகையை உடனே திருத்தினார். தரப்புள்ளி முறை பிற்காலத்தில் சூத்திரத்தால் செய்யும் வேலை இது.

சலுகையும் மானமும்

சலுகை வாங்குவது சமூக அந்தஸ்தின் அறிவிப்பும்கூட. ஜப்பானின் பத்து ஆட்டத் தொடர்களில் இது கூர்மையாக வெளிப்பட்டது. ஒருவர் நான்கு வெற்றி முன்னிலை பெற்றால் சலுகை மாறும். தோற்றவர் ஒரு படி கீழே இறங்கி, மீதி ஆட்டங்களைச் சலுகை வாங்கி ஆட வேண்டும். நாளிதழ்கள் இந்தத் தொடர்களை நடத்தின, நாடே பார்த்தது. சீனாவில் பிறந்து 1928-இல் ஜப்பான் வந்த கோ செய்கென், 1939-இல் தொடங்கிய தொடரில் கிதானி மினோருவை ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தி ஒரு படி இறக்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவரை எதிர்த்த முன்னணியினர் பலருக்கும் அதே கதிதான். ஒன்பதாம் நிலையில் இருந்த ஃபுஜிசாவா குரானோசுகே எப்போதும் கறுப்பு வாங்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்.

ஷோகியிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. ஹிரோஷிமாப் பக்கத்துச் சிறுவன் மசுதா கோசோ பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, தாயின் தையல் அளவுகோலின் பின்புறம், ஒருநாள் பேராசானான மெய்ஜினுக்கே ஈட்டிக்காயைச் சலுகையாகக் கொடுத்து வெல்வேன் என்று எழுதிவைத்தான். அன்றைய ஓஷோ பட்டத் தொடரில் மூன்று வெற்றி முன்னிலைக்குப் பின் சலுகை மாறும் விதி இருந்தது. 1956-இல் மெய்ஜின் ஓயாமா யாசுஹாருவை அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் வென்ற மசுதா, நான்காவதில் ஈட்டிக்காயைக் கொடுத்தும் வென்றார். பின்னர் அந்த விதி தளர்ந்து நடைமுறையிலிருந்து மறைந்தது.

உச்சியில் சலுகை தாங்க முடியாததாக இருந்ததற்குக் காரணம் எளிது. பட்டம் வைத்திருப்பவரே சலுகை வாங்க நேர்ந்தால் பட்டத்துக்கு மதிப்பில்லை. ஆகவே தொழில்முறைக் கோவும் ஷோகியும் பட்டப் போட்டிகளில் சம ஆட்டத்துக்கு மாறின. 1939-இல் தொடங்கிய ஹோனின்போ பட்டப் போட்டியில், முதலில் ஆடும் கறுப்பின் சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்கு நான்கு புள்ளி 'கோமி' கொடுக்கப்பட்டது. பின்னர் அது நாலரையாக, ஐந்தரையாக, 2002-க்குப் பின் ஜப்பானில் ஆறரையாக உயர்ந்தது. கோமியும் சலுகைதான். அது ஆளின் திறமையைப் பார்க்காமல் முதல் நகர்வின் விலையை மட்டும் சமன் செய்கிறது. அதனால் யார் மானத்துக்கும் குறைவில்லை.

திறமை எண்ணாக மாறியது

சதுரங்கத்தில் சலுகை ஆட்டம் தேய்ந்ததற்குத் தரப்புள்ளி மட்டும் காரணமில்லை. 1886-இல் ஸ்டைனிட்ஸ்–சுக்கர்டோர்ட் தொடரோடு உலக சாம்பியன் பட்டம் முறைப்படி நிலைத்தது. தொடக்க ஆட்டக் கோட்பாடு செழித்தது. 1895-இல் சூரிச்சில் அறிமுகமான சுவிஸ் முறை, ஒவ்வொரு சுற்றிலும் சம வெற்றி பெற்றவர்களை எதிரெதிரே நிறுத்தியதால், சலுகையின் தேவையை ஓரளவு குறைத்தது. எளியவர்கள் முதல் சுற்றுகளில் தோற்றுக் கீழே இறங்கி, அங்கே தமக்குச் சமமானவர்களைச் சந்தித்தார்கள்.

எண் முறைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவின. ஜெர்மனியில் ஆன்டன் ஹெஸ்லிங்கர் 1948-இல் இங்கோ முறையை உருவாக்கினார். அதில் எண் குறையக் குறையத் திறமை அதிகம். 1950-இல் கென்னத் ஹார்க்னெஸ் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்புக்கு ஒரு முறை கொடுத்தார். ஒரு போட்டியில் பாதிப் புள்ளி எடுத்தவருக்கு எதிராளிகளின் சராசரியே தரம். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பத்துப் புள்ளி கூடுதல். மில்வாக்கியின் மார்க்வெட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ இதைப் புள்ளியியல் அடித்தளத்தில் நிறுத்தினார். அமெரிக்கக் கூட்டமைப்பு அவருடைய முறையை 1960-இலும், உலக அமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன.

ஈலோவின் அலகு வெற்றி வாய்ப்பு. இருநூறு புள்ளி வித்தியாசம் என்றால் வல்லவர் நூறு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 76 புள்ளி எடுப்பார். நானூறு என்றால் 91. இந்த விகிதம் தொடக்கநிலைக்காரர்களிடமும் கிராண்ட்மாஸ்டர்களிடமும் ஒன்றே. முறையின் பெரிய வலிமை அது. சலுகையைப் பொறுத்தவரை அதுவே தடையும் ஆனது. ஒரு குதிரை எத்தனை ஈலோப் புள்ளிக்குச் சமம் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. ஆட்டம் பழகும் இருவரிடையே ஒரு குதிரையின் குறை சில நகர்வுகளில் தவறுகளால் ஈடாகிவிடும். இரண்டு கிராண்ட்மாஸ்டர்களிடையே அது ஆட்டத்தையே முடித்துவிடும். வெற்றி வாய்ப்பை மாறாமல் பிடித்துவைத்த அளவுகோலில் சலுகையின் விலை தளத்துக்குத் தளம் மாறிக்கொண்டே இருந்தது. சலுகை ஆட்டத்தின் முடிவைக் கணக்கில் சேர்க்க எளிய வழி இல்லாததால், தரப்புள்ளிக்குரிய ஆட்டமென்றால் சம ஆட்டம் என்பதே விதியாயிற்று. புள்ளிக்கு வராத ஆட்டம் விளையாட்டுக்கு ஆடுவதாகக் கருதப்பட்டது.

சலுகையின் இடத்தைப் பிரிவுகள் பிடித்தன. 1,600-க்குக் கீழ், 1,800-க்குக் கீழ் என்று பிரித்துத் தனிப் பரிசு தருவது இன்று தமிழ்நாட்டின் ஓப்பன் போட்டிகள் வரை பரவிய வழக்கம். எளியவருக்குப் பரிசு கிடைக்கிறது. வல்லவரோடு ஆடும் ஆட்டம் மட்டும் சமமாவதில்லை.

இரண்டையும் ஒரே சூத்திரத்தில்

ஐரோப்பிய கோ கூட்டமைப்பு 1990-களில் தரப்புள்ளி முறையை உருவாக்கியபோது, செக் நாட்டின் அலெஷ் சியெப்லி ஈலோவின் கருத்தை எடுத்துக்கொண்டு அலகை மாற்றினார். அந்த முறையில் ஒரு நிலைக்கு நூறு புள்ளி. அமெச்சூர் கோ ஆட்டத்தில் ஒரு நிலை என்பது ஒரு கல். முதல் தான் 2,100, ஏழாம் தான் 2,700, தானுக்குக் கீழே வரும் 'கியூ' நிலைகளில் இருபதாவது 100. கல்லே புள்ளியாகிவிட்டது.

அதன் விளைவைச் சியெப்லியின் முதல் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 2,300 புள்ளி உள்ளவர் 1,900 புள்ளி உள்ளவரோடு ஆடுகிறார். வித்தியாசம் நான்கு நிலை. சம ஆட்டமென்றால் சூத்திரம் வல்லவருக்கு நூற்றுக்கு 97 வரை வெற்றி வாய்ப்பு சொல்லும். மரபுப்படி நான்கு கல் கொடுத்தால், சூத்திரம் வித்தியாசத்திலிருந்து முழு நானூறைக் கழிப்பதில்லை. கற்களின் எண்ணிக்கையிலிருந்து அரையைக் குறைத்து, மூன்றரைக் கல்லுக்கான 350 புள்ளியை மட்டுமே கழிக்கிறது. காரணம் நுட்பமானது. சம ஆட்டத்தில் முதலில் ஆடும் கறுப்பு கோமி கொடுக்கிறது. சலுகை ஆட்டத்தில் நான்கு கல் வைத்தபின் அடுத்த நகர்வு வெள்ளைக்குப் போகிறது, கோமி இல்லை. எனவே முதல் கல்லின் மதிப்பு அரைக்கல்தான். நீண்ட கால வழக்கம் சரியென்று நம்பிய நான்கு கல், வல்லவருக்கு ஐம்பது புள்ளி சாதகத்தை மிச்சம் வைக்கிறது. வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 60-ஐச் சற்றே தாண்டி நிற்கும். சூத்திரம் மரபைப் புறக்கணிக்கவில்லை. மரபில் ஒளிந்திருந்த சிறு சாய்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அதே முதல் சூத்திரத்தில் இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது. நூறு புள்ளி வித்தியாசம் கீழ்மட்டத்தில் வல்லவருக்கு நூற்றுக்கு 62 வெற்றி தரும். உச்சியில் அதே நூறு புள்ளி 80-ஐத் தாண்டும். திறமை கூடக்கூட ஆட்டக்காரரின் தவறுகள் குறைந்து ஆட்டம் சீராவதால், ஒரு கல்லின் வித்தியாசம் அங்கே அதிகம் பேசும். ஈலோ வெற்றி வாய்ப்பை மாறாமல் வைத்து, சலுகையின் மதிப்பை மாறவிட்டார். கோ சூத்திரம் சலுகையின் மதிப்பை மாறாமல் வைத்து, வெற்றி வாய்ப்பை மாறவிட்டது. எதை நிலைநிறுத்துவது என்ற தேர்வு கணிதத்தின் கட்டாயம் அல்ல. ஒவ்வோர் ஆட்டத்தின் மரபு அதைத் தீர்மானித்தது. கோ வட்டாரத்தில் சலுகை ஆட்டத்தில் வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். அதனால் சலுகை ஆட்டமும் முழு ஆட்டமாகவே மதிக்கப்படுகிறது.

பாரமும் அடியும்

பலகை ஆட்டங்களுக்கு வெளியே இரு விளையாட்டுகள் இதே பாதையில் இன்னும் தூரம் போயின. குதிரைப் பந்தயத்தில் வலுவான குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். 1791-இல் அஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயம் இதன் தொடக்ககாலப் பெரிய எடுத்துக்காட்டு. அட்மிரல் ஹென்றி ரூஸ் 1855-இல் பொது எடை நிர்ணயிப்பாளராக அமர்ந்து, வயதுக்கேற்ற எடை அட்டவணையை ஒழுங்குபடுத்தினார். இன்றும் பிரிட்டனில் குதிரையின் தரப்புள்ளி ஒன்று கூடினால் சுமக்க வேண்டிய எடை ஒரு பவுண்டு கூடும். தரமும் சலுகையும் ஒரே எண். இந்த முறையின் கடுமையை ஆஸ்திரேலியாவின் ஃபார் லாப் அனுபவித்தது. 1930-இல் 62.6 கிலோ சுமந்து மெல்போர்ன் கோப்பையை வென்ற அந்தக் குதிரை, அடுத்த ஆண்டு 68 கிலோ சுமந்து எட்டாவதாக வந்தது. சமன் செய்தல் சிறந்ததைத் தண்டிப்பதாக மாறும் எல்லை அது.

கால்ஃபில் அலகு, பந்தை அடிக்கும் அடிகளின் எண்ணிக்கை. அமெரிக்க கால்ஃப் சங்கம் 1911-இல் நாடு தழுவிய சலுகை முறையை ஏற்றது. நீண்ட காலம் தீராத குறை ஒன்று இருந்தது: எளிய மைதானத்தில் வாங்கிய எண் கடினமான மைதானத்தில் பொருந்தாது. 1980-களில் டீன் நத் முன்னின்று உருவாக்கிய சரிவுத் தரம் இதற்கு விடை தந்தது. சராசரி மைதானத்துக்கு 113 என்று வைத்து, மற்றவற்றின் கடினத்தை அதோடு ஒப்பிட்டார்கள். சலுகைக் குறியீடு 18 உள்ளவர் 113 சரிவுள்ள மைதானத்தில் 18 அடி சலுகை பெறுவார். 140 சரிவுள்ள இடத்தில் அதே கணக்கு 22 ஆகும். 2020-இல் ஆறு முறைகளை ஒன்றிணைத்து வந்த உலகச் சலுகை முறை, கடைசி இருபது சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியை எடுக்கிறது.

ஏன் எல்லாச் சுற்றுகளையும் எடுக்கவில்லை? வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சலுகையைக் கூட்டிக்கொள்வது இம்முறையின் பழைய நோய். சிறந்த சுற்றுகளை மட்டும் பார்த்தால் அந்தச் சூது எளிதில் பலிக்காது. அதோடு, கடந்த ஓராண்டின் சிறந்த குறியீட்டைவிட மூன்றுக்கு மேல் ஏறினால், அதற்கு மேலான ஏற்றம் பாதியாகக் குறைக்கப்படும். ஐந்துக்கு மேல் ஏறவே விடாது. இந்த நோய் சலுகைக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1,600-க்குக் கீழ் பரிசு என்று அறிவித்தால், 1,590-இல் நிற்பவர் ஏற அவசரப்படமாட்டார். எண்ணோடு பலன் சேரும் எந்த ஏற்பாட்டிலும் எண்ணைத் தாழ்த்திவைக்க ஆசை வரும். கால்ஃப் அதை ஒப்புக்கொண்டு விதியிலேயே தடுப்பு கட்டியது.

எந்திரங்களோடு திரும்பிய சலுகை

கணினி மனிதரை விஞ்சியபின் சதுரங்கத்தில் சலுகைக்கு மறுபடி தேவை வந்தது. 2007-இல் ரிப்கா நிரல் கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்டுக்குச் சிப்பாய் கொடுத்து ஆடி ஐந்தரைக்கு இரண்டரை என்று வென்றது. 2016-இல் கொமோடோ, ஹிகாரு நாகமுராவுக்கு விதவிதமான சலுகைகள் கொடுத்து நான்கு ஆட்டம் ஆடியது. மூன்று சமனில் முடிய, ஒன்றை நிரல் வென்றது. கோ ஆட்டத்தில் 2019 டிசம்பரில் லீ செடோல் தம் ஓய்வுத் தொடரில் ஹான்டோல் என்ற நிரலோடு ஆடினார். இரண்டு கல் சலுகையில் முதல் ஆட்டத்தை வென்றார். வென்றதால் அடுத்தது சம ஆட்டம், தோற்றார். மூன்றாவது மறுபடி இரண்டு கல், அதிலும் தோற்றார். முடிவுக்கேற்பச் சலுகையை மாற்றும் பழைய ஜப்பானிய விதி அப்படியே மீண்டிருந்தது.

மனிதர்களிடையே நடக்கும் சதுரங்கத்திலும் சலுகை முற்றாகச் சாகவில்லை. காயிலிருந்து கடிகாரத்துக்கு இடம்பெயர்ந்தது. நார்வே செஸ் போட்டியில் 2019 முதல் முக்கிய ஆட்டம் சமனானால் அர்மகெடான் ஆட்டம் நடக்கிறது. வெள்ளைக்குப் பத்து நிமிடம், கறுப்புக்கு ஏழு நிமிடம். சமனானாலும் கறுப்பே வென்றதாகக் கணக்கு. பிரக்ஞானந்தா அங்கே ஆடிய அர்மகெடான் ஆட்டங்களைப் பார்த்த தமிழ் ரசிகர்கள், பார்த்தது ஒரு சலுகை ஆட்டம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். கோமியைப் போல இதுவும் ஆளைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் சமன் செய்வதால், யார் மானத்தையும் தொடுவதில்லை.

முடிவுரை

இந்த வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. சலுகை தரப்புள்ளியின் முன்னோடி. எண்கள் வருமுன் திறமையை அளந்த கோல் அதுவே. அது உச்சநிலைப் போட்டிகளிலிருந்து விலகியதற்கு மானமும் பட்டத்தின் மதிப்பும் காரணங்கள். அந்த விலகலில் நியாயம் உண்டு. ஆனால் கழக அளவிலும் பயிற்சி அளவிலும் அது மறைந்ததற்கு அளவுகோலின் அலகே பெருங்காரணம். சலுகையைக் கணக்கில் சேர்க்கும் சூத்திரம் இருந்த இடங்களில், ஒன்பதாம் நிலையினரும் தொடக்கநிலையினரும் ஒரே பலகையில் பொருள் உள்ள ஆட்டம் ஆடுகிறார்கள்.

சதுரங்கத்துக்கும் இன்று அந்த வசதி எட்டாததல்ல. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிப்பாய், ஒரு குதிரை, ஐந்து நிமிடம் எவ்வளவு பெறும் என்று கணக்கிட இணையத்தில் குவிந்துள்ள ஆட்டங்களே போதும். சலுகையின் விலை தளத்துக்குத் தளம் மாறுகிறது என்ற பழைய தடை, அட்டவணை ஒன்றால் தீரக்கூடியது. பயிற்சிக் கழகங்கள் வாரத்தில் ஒரு நாளைச் சலுகை ஆட்டத்துக்கு ஒதுக்கி, அதற்கெனத் தனிப் புள்ளிக் கணக்கு வைத்தால், 1,200 புள்ளிச் சிறுவனும் 2,000 புள்ளி மூத்தவரும் எதிரெதிரே அமர்ந்து முடிவு தெரியாத ஆட்டம் ஒன்றை ஆடலாம். தரப்புள்ளி யார் வெல்வார் என்று சொல்லும். சலுகை அந்த ஆட்டத்தை ஆடத் தகுந்ததாக்கும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று முடிவெடுத்தது சதுரங்க உலகம் செய்த வசதியான தேர்வு. அதை மறுபரிசீலனை செய்ய வேண்டிய காலம் இது.